வீட்டைச் சுற்றி ஒரு வட்டம்

மெல்லின்கே தீவு,
மார்ச் 11, 1996.

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு சீக்கிரம் மறுபடியும் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். அந்த ஆட்டுப் பண்ணையில் முப்பது பேருக்கு நீ ஒருத்தி சமைக்கிறாய். கடிதத்தைப் பிரிக்கக் கை துடைக்கவும் உனக்கு நேரம் இருக்காது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் நலம். அயெலேனுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நீ கேட்டபடியே இன்று காலை பாடம் ஆரம்பித்தோம். ஒதிலியா அத்தை தைத்துக் கொடுத்த கட்டம்போட்ட மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே வெளியே போய் மழையில் நின்று, சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு உன் மகள் உள்ளே வந்தாள். "வணக்கம் டீச்சர்" என்றாள். சுற்றிப் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள். நீ மட்டும்தான் என்றேன். "அப்ப நான்தான் முதல் ரேங்க்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன வாரம் கல்வி அலுவலகத்துக்குப் போய் அவளைத் தனித்தேர்வராகப் பதிவு செய்தேன். நவம்பரில் காஸ்ட்ரோ நகரத்தில் தேர்வு. தேறினால் அடுத்த ஆண்டும் வீட்டிலேயே படிக்கலாம். தவறினால் வரும் மார்ச்சில் பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டும் என்றார் குமாஸ்தா. நம் தீவுப் பள்ளியைத்தான் பூட்டிவிட்டார்களே, பள்ளி என்றால் இனி பெரிய தீவின் விடுதிப்பள்ளிதான். உன் கடிதத்தில் நீ அடிக்கோடு போட்டிருந்தது ஒரே ஒரு வரி: விடுதி மட்டும் வேண்டாம். காரணம் நீ எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வால்டிவியாவில் பயிற்சிக் காலத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று எனக்குக் குரலே வராமல் போனது உனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு பிள்ளை, அதுவும் நம் பிள்ளை. முடியும் என்று நினைக்கிறேன்.

நான் படித்த ஐந்து வருடமும் நீ மட்டி உரிக்கும் தொழிற்சாலையில் ஈரத்தில் நின்றாய். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று இங்கே என்னைச் சொல்கிறார்கள். அந்த வாசல்வரை தூக்கிக்கொண்டு போனவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உனக்குச் செய்ய எனக்கு இந்த வேலையாவது கிடைத்ததே என்று சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். அவள் பென்சிலை இடது கையால்தான் எடுக்கிறாள். மாற்ற வேண்டுமா?

தேவமாதா உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
யாஸ்னா.

*

தியெர்ரா தெல் ஃபுவேகோ,
ஏப்ரல் 4.

யாஸ்னா குட்டிக்கு,

அக்கா எழுதறது. நல்லா இருக்கேன். முதுகு அப்படியேதான் இருக்கு, அதுவும் என்கூடவே வேலைக்கு வருது. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடறீங்களா? உருளைக்கிழங்க வித்துடாத, வீட்டுக்கு வெச்சுக்கோ.

மன்னிப்பெல்லாம் கேக்காத. கம்பளி லாரிதான் இங்க கடுதாசி கொண்டாருது. உன் கடுதாசி வர அன்னைக்குத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை.

எந்தக் கையால வேணாலும் எழுதட்டும். கைய மட்டும் கட்டிப்போட்டுடாத.

இங்க ரோமம் கத்தரிக்கிற ஆளுங்க போயிட்டாங்க. மேஸ்திரி மட்டும் இருக்கான், ரொட்டில உப்பு பத்தலன்னு தினமும் சொல்லிட்டு தினமும் நாலு துண்டு எடுக்கறான். அயெலேனுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கேன். பெருசாத்தான் இருக்கும். அவ காலு எம்புட்டு வளந்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

எர்மிந்தா.

*

மெல்லின்கே,
ஏப்ரல் 29.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமே எங்களுக்கு வேண்டியது. காலுறை முழங்காலுக்கு மேலே வருகிறது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

கட்டிப்போடாதே என்று எழுதியிருந்தாய். பிள்ளையின் கையை யாராவது கட்டுவார்களா என்று முதலில் சிரித்தேன். பிறகு, நீ ரொட்டியை இடது கையால் வெட்டுவதும் கையெழுத்தை மட்டும் வலது கையால் போடுவதும் நினைவுக்கு வந்தது. இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். அவள் இடது கையாலேயே எழுதுகிறாள், அழகாக எழுதுகிறாள்.

இந்த வாரம் இரண்டு நாள் பாடம் நடக்கவில்லை. அபெலார்தோ மாமாவின் மர வீட்டை அப்படியே இழுத்தோம். தேவாலயத்துப் பக்கம் கரை அரித்துவிட்டதால் தெற்கு விரிகுடாவுக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தார்கள். ஊர்கூடி வீடு இழுக்கும் மிங்காவுக்குக் கூப்பிட மாமாவே வாசல் வாசலாக வந்தார். நம் வீட்டிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சின்னப்பெண்தானே, ஒதிலியா அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்றேன். கோபித்துக்கொண்டார். "வீடு யாருதோ அவன் வந்து கேக்கணும். ஆள் விட்டுக் கேட்டா ஒரு மாடு கூட வராது" என்றார். பிறகு அயெலேன் பக்கம் திரும்பி, நீயும் வருவியா என்று அவளையும் முறையாகக் கேட்டார். அவள் யோசித்துத்தான் சம்மதித்தாள்.

அடியில் மரத்தண்டுகளைக் கொடுத்து, எருதுகளைப் பூட்டி, ஊரே கயிற்றைப் பிடித்தது. ஒதிலியா அத்தை உள்ளேயிருந்து இறங்கவே இல்லை. அடுப்பில் சூப் கொதிக்கிறதாம். புகைபோக்கியில் புகை வர, வீடு மேட்டைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியாக அத்தை எங்களைப் பார்த்து, "என்ன இழுக்கறீங்க, தூங்கறீங்களா? நான் இறங்கித் தள்ளணுமா?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மறுநாள் கடல் ஏறியதும் வீட்டை மிதக்கவிட்டு, படகுகள் கட்டி முனையைச் சுற்றி இழுத்துப் போனார்கள். அயெலேன் இரண்டு நாளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். சேர்ந்ததும் அத்தை எல்லோருக்கும் அதே சூப்பை ஊற்றினாள். ஒரு கோப்பைதான் உடைந்ததாம். அதுவும் மாமாவின் அம்மா கொடுத்தது, அதனால் பரவாயில்லையாம்.

இரண்டு நாள் பாடம் போனது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தேர்வில் இதையெல்லாம் கேட்கப்போவதில்லை. இனி விடுமுறை விட மாட்டேன்.

யாஸ்னா.

*

மெல்லின்கே,
ஜூன் 16.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. குளிர்காலம் ஆரம்பித்துவிட்டது, அங்கே பனி இறங்கியிருக்கும். இங்கே பத்து நாளாக ஒரே மழை. சமையலறையில் துணி காய்கிறது. துணிகளுக்கு நடுவில் பாடம் நடக்கிறது.

உனக்குச் சொல்லவே உட்கார்ந்தேன்: அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். புத்தகத்தில் இல்லை. புத்தகத்தை விரித்தால் கொட்டாவி விடுகிறாள். படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு படகு வந்து திரும்பியது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்ததை ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து, "லா... போர்ஃபி... யாதா" என்றாள். பிடிவாதக்காரி: அதுதான் படகின் பெயர். படகோட்டி அவளைப் பார்த்து, என் பெண்டாட்டியை ஏன் திட்டுகிறாய் என்று கேட்டார். அதிலிருந்து தினமும் துறைக்குப் போகிறோம். மழையில் நனைந்துகொண்டே வருகிற படகையெல்லாம் படிக்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் இப்படியொரு முறை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கணக்கு மெதுவாகத்தான் வருகிறது. கழித்தலில் அழுகிறாள். அதைப் பிறகு சரிசெய்துவிடலாம்.

நீ எப்போது வருவாய் என்று கேட்டாள். டிசம்பரில் கோடை வந்ததும் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

யாஸ்னா.

*

மெல்லின்கே,
ஜூலை 24.

அன்புள்ள அக்கா,

நலமா என்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் நலம்.

எழுத நேரமில்லை என்றால் வெறும் உறையை ஒட்டி அனுப்பு. கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

யாஸ்னா.

*

தியெர்ரா தெல் ஃபுவேகோ,
ஆகஸ்ட் 27.

யாஸ்னா குட்டிக்கு,

உசுரோட இருக்கேன். பனியில பாதை மூடிருச்சு, லாரி மூணு மாசமா வரல. மூணு கடுதாசியும் ஒன்னா வந்துச்சு. மேஸ்திரிதான் கொண்டாந்து குடுத்தான். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் சூப்ப அவனே கிண்டினான், அடி பிடிக்க விட்டுட்டான்.

லா போர்ஃபியாதாவ எம் பொண்ணு படிச்சாளா. அந்தப் படகு பேர நான் பாக்காத நாளில்ல. ஒருநாளும் நின்னு படிச்சதில்ல.

உனக்கு ஒன்னு சொல்றேன். சொல்லிட்டு மறந்துடறேன், நீயும் மறந்துடு. ஆறு வயசுல அப்பா என்ன அந்த விடுதில விட்டுட்டு வந்தார். அப்ப நம்ம தீவுல பள்ளிக்கூடம் கெடையாது, உன் காலத்துலதான் வந்துச்சு. இடது கைய நாற்காலியோட கட்டுவாங்க. அது கூடப் பரவால்ல. ஞாயித்துக்கிழமையானா யாராவது பாக்க வருவாங்கன்னு நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பேன். குளிர்காலத்துல படகு வராதுன்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் சட்டையக் கழட்டி மடிச்சு வெப்பேன். அவ்வளவுதான். அப்பா மேல கோவம் ஒன்னும் இல்ல.

நீ அவளுக்கு ஜன்னல்கிட்ட உக்கார வேலையே இல்லாம பண்ணியிருக்க. அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. படிச்சவ நீ, நல்ல வார்த்தையா ஒன்னு பாத்து நீயே போட்டுக்கோ.

கோடைக்கு வருவேன்னு சொல்லிட்டியா. பண்ணைக்காரர் இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றார், கூலி ஏத்தித் தராராம். நான் இன்னும் பதில் சொல்லல. அவளப் பாத்து ஒன்னரை வருஷமாச்சு. வந்து நின்னா, யாரு இந்தம்மான்னு அவ உன்னக் கேட்டா நான் என்ன பண்றது?

எர்மிந்தா.

*

மெல்லின்கே,
செப்டம்பர் 19.

அம்மா

நான் அயெலேன். சித்தி பாக்கல. நானே எழுதறேன்.
எனக்கு ரெண்டு பல்லு விழுந்துச்சு. ஒன்னு முளைக்குது.
காலுறை இன்னும் பெருசா இருக்கு. நீ வரப்ப சரியாயிடும்.
எனக்கு கழித்தல் புடிக்காது. நீ கழித்தல் போடுவியா.
ஆட்டுக்கு பேரு இருக்கா.
நீ எழுதற எல்லாத்தயும் சித்தி படிக்கறா. இனிமே நான் படிப்பேன். பெருசா எழுது.

அயெலேன்

(அக்கா, ஒரு பிழையைக்கூட நான் திருத்தவில்லை. யார் இந்தம்மா என்று கேட்கிற பிள்ளை எழுதியது போலவா இருக்கிறது? - யா.)

*

தியெர்ரா தெல் ஃபுவேகோ,
அக்டோபர் 15.

அயெலேன் கண்ணுக்கு,

அம்மா பெருசா எழுதறேன். ஆட்டுக்குப் பேரு இல்ல. ரொம்ப ஆடு. நீ வெச்சா உண்டு. கழித்தல் எனக்கும் புடிக்காது.

யாஸ்னா, அவ கடுதாசிய மாவுப் பீப்பா மேல ஒட்டியிருக்கேன். எல்லாரும் வந்து வந்து படிக்கறாங்க. ரோமம் கத்தரிக்கிற ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க. அதுல ஒருத்தன், எழுத்து கோணலா இருக்கேன்னான். அன்னைக்கு ரெண்டாவது தட்டு கெடையாதுன்னுட்டேன். மறுநாள் அவனே, அச்சடிச்ச மாதிரி இருக்குங்கறான்.

பரிச்சை என்னைக்கு? நான் மெழுகுவத்தி ஏத்தணும். பண்ணைக்காரர் மறுபடி கேட்டார். தங்கச்சி கடுதாசி வரட்டும்னு சொல்லியிருக்கேன்.

எர்மிந்தா.

*

மெல்லின்கே,
நவம்பர் 23.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? தேறிவிட்டாள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

விடியற்காலைப் படகில் போனோம். அபெலார்தோ மாமாவும் வந்தார், வலை வாங்க வேண்டுமாம்; வாங்கவே இல்லை. தேர்வு நடந்த பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அயெலேன் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை பிள்ளைகளை ஒரே இடத்தில் அவள் பார்த்ததே இல்லை. "இவங்களுக்கெல்லாம் யாரோட சித்தி சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

உள்ளே இரண்டு பேர் தேர்வு நடத்தினார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், எஸ்தெலா என்று பெயர். சான்டியாகோவிலிருந்து புதிதாக வந்த இளைஞர் ஒருவர். எழுத்துத் தேர்வு முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த இளைஞர் ஒரு தாளைக் காட்டினார். வரிசையாகப் படங்கள்: நாய், மரம், படகு, பாறை, வீடு, பறவை. இடம்விட்டு இடம் போகிறவற்றைச் சுற்றி வட்டம் போடவேண்டும். நாய்க்கு, படகுக்கு, பறவைக்குப் போட்டிருந்தாள். வீட்டுக்கும் போட்டிருந்தாள். அதை மட்டும் இரண்டு முறை அழுத்திப் போட்டிருந்தாள்.

அவர் கோபக்காரர் இல்லை. குனிந்து அவளிடம் கேட்டார்.

"வீடு நடக்குமா பாப்பா?"

"நடக்காது. இழுக்கணும்."

"யாரு இழுப்பா?"

"மாடு. அப்புறம் எல்லாரும். தண்ணியிலயும் போகும், ஆனா கடல் ஏறணும். உள்ள சூப் வெச்சா சிந்தாது."

அவர் ரப்பரை அவள் பக்கம் நகர்த்தி, வேண்டுமானால் அழித்துக்கொள்ளலாம் என்றார். அவள் ரப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர் என்னிடம் திரும்பி, இப்படித்தான் சொல்லிக்கொடுத்தீர்களா என்று கேட்டார்.

அக்கா, வால்டிவியாவில் ஆனதைப் போலவே குரல் போய்விட்டது. அறையே என்னைப் பார்ப்பது போல இருந்தது. முன்பெல்லாம் அந்த இடத்தில் தலையைக் குனிந்துவிடுவேன். அவள் மறைத்த அந்தக் கையைப் பார்த்தேன். குரல் வந்தது.

"நான் சொல்லிக்குடுக்கல சார். வீடு போனப்ப இவ கூடவே நடந்தா" என்றேன்.

நானேதான் பேசினேனா என்று எனக்கே சந்தேகம். எஸ்தெலா அம்மாள் சிரித்துவிட்டார். தன் மாமியார் வீடும் கடல் தாண்டி வந்ததுதான், மாமியாரையும் சேர்த்தே இழுத்தார்கள் என்றார். அந்த இளைஞர் உண்மையாகவே வியந்து போய்ப் பல கேள்விகள் கேட்டார். கடைசியில், விடைக்குறிப்பில் வீடு நகராது என்றுதான் இருக்கிறது, அந்த மதிப்பெண்ணைத் தன்னால் தரமுடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். அது சரிதான். கழித்தலிலும் இரண்டு போயிற்று. இருந்தாலும் தேறிவிட்டாள். விடுதி இல்லை, அக்கா.

வெளியே வந்ததும் அபெலார்தோ மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தத் தம்பிக்கு ஒருநாள் கயிறு பிடிக்கக் கொடுத்தால் தெரியும் என்றார். பிறகு எங்களுக்கு மில்காவோ வாங்கிக் கொடுத்தார். சூடான உருளைக்கிழங்கு அப்பத்தைத் தின்றுகொண்டே அயெலேன் துறையில் இருந்த படகுகளையெல்லாம் சத்தமாகப் படித்தாள்.

எஸ்தெலா அம்மாள் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறொன்றும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

யாஸ்னா.

*

தியெர்ரா தெல் ஃபுவேகோ,
டிசம்பர் 9.

யாஸ்னா குட்டி,

தேறிட்டா. பீப்பா மேல எழுதிப் போட்டேன். அன்னைக்கு எல்லாருக்கும் பொரிச்ச ஆட்டுக்கறி, பண்ணைக்காரருக்குத் தெரியாது. ரப்பர் வேண்டாம்னு கைய மறைச்சத ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் வெங்காயம் நறுக்கப் போயிட்டேன்.

உனக்குக் குரல் வந்துச்சே. அதையும் ரெண்டு தடவ படிச்சேன்.

அந்தம்மா என்ன சொன்னாங்க? பாதில நிறுத்தறியே, சின்ன வயசுலயும் இப்படித்தான். எதையாவது கேக்கணும்னா கதவு ஓரமா நிப்ப, கேக்கவே மாட்ட. என்னன்னு கேளு.

எர்மிந்தா.

*

மெல்லின்கே,
டிசம்பர் 18.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உருளைக்கிழங்கு பூத்திருக்கிறது. அயெலேனுக்குக் காலுறை முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

எஸ்தெலா அம்மாள் சொன்னது இது. எதிர்க்கரையில் சான் ரோமான் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆறாம் வகுப்புவரை ஒரே அறை, பதினோரு பிள்ளைகள். நான் வருவேனா என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். இங்கே பேசியவள் அங்கேயும் பேசுவாள் என்றார். அந்த ஊரில் ஆசிரியருக்கு வீடு இல்லை, வாடகைக்கும் கிடைக்காதாம். அதனால்தான் யாரும் வருவதில்லை. இங்கிருந்து தினமும் படகில் போய்வர முடியாது. குளிர்காலத்தில் நான் அங்கே மாட்டிக்கொண்டால் அயெலேன் இங்கே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளை விட்டுப் போகமாட்டேன். அதனால் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படகில் திரும்பும்போது அவள் சான் ரோமான் கரையைக் காட்டினாள். அப்பா உருளைக்கிழங்கு போட்ட துண்டு நிலம் அங்கே இன்னும் இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கீழே, தண்ணீர் ஓரமாக. "அங்க ஏன் நம்ம வீடு இல்ல?" என்று கேட்டாள். தேர்வில் தவறாகப் போட்டதற்காக அவளைத் திருத்தவேண்டியவள் நான். அந்தத் துண்டு நிலம் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அபெலார்தோ மாமாவை அழைத்து வந்து, அந்த நிலத்துக்கு இழுத்துப் போக முடியுமா என்று நம் வீட்டைக் காட்டினேன். அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். நல்ல மரம், தாங்கும் என்றார். பிப்ரவரியில் பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறும், நடுவிலிருக்கும் கடலைத் தாண்ட ஒரு காலைப்பொழுது போதும் என்றார். எருதுகள் தருவதாகச் சொன்னார். ஒதிலியா அத்தை அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். உள்ளே உட்கார்ந்து வருவதில் அவளுக்குத்தான் அனுபவம் அதிகமாம். அங்கே அயெலேன் மற்ற பிள்ளைகளோடு படிப்பாள், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள், நம் வீட்டிலேயே தூங்குவாள். எனக்கும் ஒரு சம்பளம் வரும். இத்தனை காலம் எங்கள் எல்லோரையும் நீ ஒருத்தி இழுத்தது போதும்.

அந்த வருடங்களுக்கெல்லாம் உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. வார்த்தை நீயே பார்த்துப் போட்டுக்கொள் என்று எழுதியிருந்தாய். தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

இப்படிக்கு உன் தங்கை யாஸ்னா என்று எழுதி முடித்துவிட்டேன், இன்னும் கேட்கவில்லை. பார், கதவு ஓரமாகத்தான் நிற்கிறேன்.

வீடு உன் பேரில் இருக்கிறது. நான் கேட்டால் ஊர் இரக்கப்படும். நீ கேட்டால்தான் வரும். வாசல் வாசலாகப் போய் நிற்கவேண்டியவள் நீ. வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடவேண்டியவளும் நீதான், நூறு பேர் வருவார்கள், உன்னைவிட்டால் யாரால் முடியும்? பண்ணைக்காரருக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று நம்பி, அபெலார்தோ மாமா நம் வாசலில் நின்றாரே, அதே மாதிரி உன் வாசலில் நின்று முறையாகக் கேட்கிறேன். வா அக்கா. பிப்ரவரி பௌர்ணமிக்கு முன்னால் வந்துவிடு. வந்து வீட்டைக் கேள்.